அம்புக்குறியின் பொருள்: சமூக விஞ்ஞானிகளுக்கு வரைபு மாதிரியுருக்களும் பேய்சிய வலைப்பின்னல்களும் பற்றிய ஓர் அறிமுகம்

எமது சமூக விஞ்ஞான ஆய்வேடுகளில் எண்களுக்கு அளிக்கப்படும் இடம் விந்தையானது. முதல் இயல்களிற் கோட்பாடு விரிவாகப் பேசப்படுகின்றது. வர்க்கம், சாதி, பால், பிரதேசம் ஆகியன ஒன்றையொன்று எவ்வாறு பாதிக்கின்றன என்பது பற்றிய வாதங்கள் எடுத்துரைக்கப்படுகின்றன. பின்னர் வினாக்கொத்து வருகின்றது. அதன்பின் கணனி தரும் பிற்செலவு அட்டவணை வருகின்றது. அவ்வட்டவணையில் எல்லா மாறிகளும் ஒரே நிரலில், ஒரே தகுதியுடன் நிற்கின்றன. எது எதற்கு முந்தியது, எது எதன் வழியாகச் செயற்படுகின்றது என்று முதல் இயல்களிற் சொல்லப்பட்ட யாவும் அங்கு மறைந்துவிடுகின்றன. 'ஏனைய காரணிகளைக் கட்டுப்படுத்தியபோது' என்ற தொடர் ஒரு மந்திரம் போல உச்சரிக்கப்படுகின்றது. எக்காரணிகளை ஏன் கட்டுப்படுத்தினோம் என்பதற்கு விளக்கம் அரிதாகவே கிடைக்கின்றது.

கோட்பாட்டுக்கும் அட்டவணைக்கும் இடையிலுள்ள இப்பிளவை நிரப்பும் ஒரு கருவியையே இங்கு அறிமுகஞ் செய்ய முனைகின்றோம். வரைபு மாதிரியுரு என்பது அதன் பொதுப்பெயர். அதன் வகைகளுள் ஒன்று பேய்சிய வலைப்பின்னல். கணித நிறுவல்களுக்குள் நாம் செல்லப்போவதில்லை. எனினும் எண்களைத் தவிர்க்கவும் போவதில்லை. சில எண்களைக் கையாற் பெருக்கிப் பார்த்தாலன்றி இக்கருவியின் வலிமையும் அதன் ஆபத்தும் புலப்படா.

முதலில் ஒரு வழக்கை நோக்குவோம். 1973ஆம் ஆண்டு கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்திற் பட்டப்பின் படிப்புக்கு 8,442 ஆண்களும் 4,321 பெண்களும் விண்ணப்பித்தனர். ஆண்களில் ஏறத்தாழ 44 வீதத்தினரும் பெண்களில் 35 வீதத்தினரும் அனுமதி பெற்றனர். இத்துணை பெரிய தொகையில் ஒன்பது வீத வேறுபாடு தற்செயலாக ஏற்படுவது இயலாதது. பெண்களுக்கு எதிரான பாரபட்சம் நிரூபிக்கப்பட்டுவிட்டதாகவே எவருக்கும் தோன்றும். அப்போது அங்கு துணைப் பீடாதிபதியாயிருந்த மானிடவியலாளர் யூஜின் ஹம்மெல், புள்ளிவிபரவியலாளர் பீற்றர் பிக்கெல், ஓ'கொனெல் ஆகிய மூவரும் இத்தரவை ஆராய்ந்து 1975இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். துறை துறையாகப் பிரித்து நோக்கியபோது அவர்கள் கண்டது வேறு. ஆராயத்தக்க 85 துறைகளுள் நான்கில் மாத்திரமே பெண்களுக்குப் பாதகமான குறிப்பிடத்தக்க வேறுபாடு இருந்தது. ஆறு துறைகளில் அது ஆண்களுக்குப் பாதகமாக இருந்தது.

மிகப் பெரிய ஆறு துறைகளின் எண்கள் இன்று பாடநூல்களிற் பரவலாக வழங்குகின்றன. அவற்றை ஒன்றாகக் கூட்டினால் 2,691 ஆண்களில் 1,198 பேரும் (44.5 வீதம்), 1,835 பெண்களில் 557 பேரும் (30.4 வீதம்) அனுமதி பெற்றுள்ளனர். ஆனால் முதலாந் துறையில் ஆண்களில் 62 வீதம், பெண்களில் 82 வீதம். இரண்டாவதில் 63, 68. மூன்றாவதில் 37, 34. நான்காவதில் 33, 35. ஐந்தாவதில் 28, 24. ஆறாவதில் 6, 7. அனுமதி எளிதாயிருந்த முதலிரு துறைகளை நாடியோர் ஆண்களில் 1,385 பேர், அதாவது பாதிக்கு மேல். பெண்களிலோ 133 பேர், அதாவது பதினான்கில் ஒருவர். புதிரின் விடை இதுதான். பெண்கள் பெருமளவில் விண்ணப்பித்த துறைகள் இடம் குறைந்தவை. அங்கு எவருக்கும் அனுமதி கிடைப்பது அரிது.

இனி, ஒவ்வொரு துறையையும் அதற்கு விண்ணப்பித்தோரின் மொத்தத் தொகைக்கேற்ப நிறையிட்டு நாம் கணித்துப் பார்த்தால், ஆண்களுக்கு 39 வீதமும் பெண்களுக்கு 43 வீதமும் வருகின்றன. அப்படியாயின் எது உண்மை? முப்பதா, நாற்பத்து மூன்றா? பேர்க்லியிற் பாரபட்சம் இருந்ததா, இல்லையா? தரவு முழுவதும் எம் கண்முன் இருக்கின்றது. இருந்தும் தரவு மாத்திரம் இவ்வினாவுக்கு விடை தராது என்பதே நாம் வற்புறுத்த விரும்பும் முதலாவது விடயம். துறையைக் கட்டுப்படுத்துவதா, விடுவதா என்பது எண்களிலிருந்து பெறப்படும் முடிவன்று. பால், துறை, அனுமதி ஆகிய மூன்றும் எவ்வொழுங்கில் ஒன்றையொன்று ஆக்குகின்றன என்பது பற்றிய எமது கருத்திலிருந்தே அது பெறப்படும்.

அக்கருத்தை வெளிப்படையாக எழுதும் மொழியே வரைபு. ஒவ்வொரு மாறியும் ஒரு கணு. ஒரு மாறி இன்னொன்றை நேரடியாகப் பாதிக்குமென நாம் கருதினால் முன்னதிலிருந்து பின்னதற்கு ஓர் அம்புக்குறி. அம்பு புறப்படும் கணுவைப் 'பெற்றோர்' என்றும் அது சென்றடையும் கணுவைப் 'பிள்ளை' என்றும் வழங்குவர். அம்புகளின் வழியே சென்று புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவர முடியாதிருத்தல் வேண்டும். எவரும் தமக்குத் தாமே மூதாதையராதல் கூடாதன்றோ. பேர்க்லி வழக்கில் பாலிலிருந்து துறைக்கு ஓர் அம்பு, துறையிலிருந்து அனுமதிக்கு ஓர் அம்பு. பாலிலிருந்து அனுமதிக்கு நேரடியாக ஓர் அம்பு உண்டா என்பதே விவாதத்துக்குரிய வினா. இம்மூன்று கோடுகளை ஒரு தாளில் வரைந்த மாத்திரத்தே இரு வேறு வினாக்கள் கலந்து கிடந்தமை தெளிவாகின்றது. 'தெரிவுக் குழுக்கள் பெண் என்பதற்காக விண்ணப்பத்தை ஒதுக்கினவா?' என்பது நேரடி அம்பு பற்றிய வினா. 'பெண்ணாயிருத்தல் பட்டப்பின் கல்வி பெறும் வாய்ப்பைக் குறைக்கின்றதா?' என்பது எல்லாப் பாதைகளையும் சேர்த்த வினா. முதலாவதற்குத் துறையைக் கட்டுப்படுத்தல் வேண்டும். இரண்டாவதற்கு அதைக் கட்டுப்படுத்துவது பிழை. ஏனெனில் நாம் அளக்க விரும்பும் அநீதி பாய்ந்துவரும் வாய்க்காலையே அது அடைத்துவிடும்.

பிக்கெலும் தோழர்களும் இதை உணர்ந்தேயிருந்தனர். தெரிவுக் குழுக்களிற் பெரும் பாரபட்சத்தைக் காணாத அவர்கள், பெண்களின் சமூகமயமாக்கமும் முன்னைய கல்வியுமே அவர்களை நெரிசல் மிக்க, நிதி குறைந்த, தொழில்வாய்ப்பு மங்கிய துறைகளை நோக்கித் தள்ளுகின்றன என்று கட்டுரையின் முடிவிற் குறிப்பிட்டனர். பாடநூல்கள் 'பாரபட்சம் மாயமாய் மறைந்தது' என்பதோடு கதையை முடித்துக்கொள்ளும்போது அவ்விறுதி வாக்கியத்தை விட்டுவிடுவது எமக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

இக்கருவியின் இலக்கணம் மிகச் சிறியது. மூன்று கணுக்கள் இரு அம்புகளால் இணையும் முறைகள் மூன்றே. முதலாவதைச் சங்கிலி எனலாம்: தந்தையின் தொழில் பிள்ளையின் கல்வியைப் பாதிக்கின்றது, கல்வி பிள்ளையின் தொழிலைப் பாதிக்கின்றது. இவை தவிர வேறு அம்பு இல்லையெனின், ஒருவரின் கல்வியை அறிந்தபின் தந்தையின் தொழிலை அறிவதால் அவரது தொழில் பற்றி எமக்குப் புதிதாக எதுவுந் தெரியவராது. நடுக்கணுவை அறிதல் செய்தியின் பாதையை அடைக்கின்றது. இரண்டாவது கவர்: ஒரே காரணம் இரு விளைவுகளுக்குக் கிளைக்கின்றது. பிள்ளைகளின் சப்பாத்து அளவும் வாசிப்புத் திறனும் ஒன்றோடொன்று இணைந்து உயர்கின்றன. வயதே இரண்டுக்கும் காரணம். ஒரே வயதுப் பிள்ளைகளை மாத்திரம் எடுத்துக்கொண்டால் தொடர்பு அற்றுப்போகும். இங்கும் நடுக்கணுவை அறிதல் பாதையை அடைக்கின்றது. இவ்வாறு, ஒன்றை அறிந்த நிலையில் ஏனைய இரண்டும் தொடர்பற்றுப் போவதை நிபந்தனைச் சாராமை என்பர். பேய்சிய வலைப்பின்னல் முழுவதும் இவ்வொரு கருத்தின் மீதே கட்டப்பட்டது.

மூன்றாவது வகை இவற்றுக்கு நேர்மாறானது. இரு காரணங்களிலிருந்து வரும் அம்புகள் ஒரே விளைவிற் சந்திக்கின்றன. இதனைக் கூடல் என்போம். அவ்விரு காரணங்களும் தம்முள் தொடர்பற்றவையாக இருக்கலாம். ஆனால் விளைவை அறிந்த கணமே அவற்றிடையே ஒரு தொடர்பு முளைக்கின்றது. எமக்கு மிக அண்மையிலுள்ள ஓர் உதாரணத்தை எடுப்போம். இலங்கையிற் பல்கலைக்கழக அனுமதி பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு உயர்தரப் பெறுபேறு, மாவட்டம் ஆகிய இரண்டையுஞ் சேர்த்தே தீர்மானிக்கப்படுகின்றது. இதனை மிக எளிமைப்படுத்தி, 400 பரீட்சார்த்திகள் உள்ளனர் என்று கற்பனை செய்வோம். பாதிப்பேர் பின்தங்கிய மாவட்டத்தினர், பாதிப்பேர் வசதியான மாவட்டத்தினர். இரு சாராரிலும் சரிபாதியினர் உயர்ந்த புள்ளி பெற்றோர். அதாவது மாவட்டத்துக்கும் புள்ளிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. உயர் புள்ளி பெற்றோருக்கும் பின்தங்கிய மாவட்டத்தினருக்கும் அனுமதி எனின் 300 பேர் உள்ளே வருவர். அவர்களுள் வசதியான மாவட்டத்தினர் 100 பேர். அனைவரும் உயர் புள்ளியினர். பின்தங்கிய மாவட்டத்தினர் 200 பேர். பாதிப்பேரே உயர் புள்ளியினர். வளாகத்துக்குள் மாத்திரம் கணக்கெடுக்கும் ஆய்வாளர் 'பின்தங்கிய மாவட்ட மாணவர் திறமை குறைந்தோர்' என்று முடிவுசெய்வார். அவரது அட்டவணையில் பிழை இல்லை. கைவர்க்கப் பரிசோதனையும் அதை ஆமோதிக்கும். ஆயினும் நாட்டில் அப்படியொரு தொடர்பே இல்லை. அனுமதி என்னும் கூடற்கணு அதனைப் படைத்தது. ஆய்வாளர் அக்கணுவைக் கட்டுப்படுத்தியதாகத் தாமே அறியார். வளாகத்துக்குள் நின்று வினாக்கொத்தை விநியோகித்ததன் மூலமே அதைச் செய்துவிட்டார்.

மெய்யான நிலைமை இவ்வெளிய உதாரணத்தைவிடச் சிக்கலானது என்பதை நாம் மறுக்கவில்லை. மாவட்டங்களிடையே பாடசாலை வசதியில் ஆழ்ந்த வேறுபாடு உண்டு. அது புள்ளிகளைப் பாதிக்கவே செய்யும். எமது கவலை வேறு. எமது பல்கலைக்கழகங்களில் எழுதப்படும் ஆய்வேடுகளில் ஒரு பகுதி, செலவும் நேரமும் கருதி, மாணவரையே மாதிரியாகக் கொள்கின்றது. நாம் மேற்பார்வை செய்த சிலவற்றிலும் இது நிகழ்ந்தது. கூடலின் இயல்பை அறியாதிருந்த காலத்தில் அவற்றின் முடிவுகளை நாமும் ஏற்றுக்கொண்டோம். மருத்துவப் புள்ளிவிபரவியலாளர் ஜோசப் பேர்க்சன் 1946லேயே வைத்தியசாலை நோயாளரை மாத்திரம் கொண்டு நோய்களிடையே தொடர்பு தேடுவதன் ஆபத்தை எடுத்துக்காட்டியிருந்தார். அவரது எச்சரிக்கை எமது சமூக விஞ்ஞானப் பாடத்திட்டங்களை எட்டியதாகத் தெரியவில்லை.

கூடலை அறிந்தபின் பேர்க்லிக்குத் திரும்பினால் அங்கும் நிம்மதி இல்லை. பிக்கெலின் ஆய்வைப் பற்றிச் சிக்காகோப் பல்கலைக்கழகப் புள்ளிவிபரவியலாளர் வில்லியம் குறுஸ்கல் ஓர் ஆட்சேபத்தை எழுப்பினார். விண்ணப்பதாரரின் வதிவிட மாநிலம் போன்ற, கணக்கில் எடுக்கப்படாத ஒரு மாறி துறைத் தெரிவையும் அனுமதியையும் ஒருங்கே பாதிக்குமாயின், துறைவாரியாகக் காணப்படும் சமநிலை ஒரு மெய்யான பாரபட்சத்தை மறைத்துக்கொண்டிருக்கலாம் என்று அவர் எண்களாலேயே அமைத்துக் காட்டினார். வரைபில் இதன் காரணம் பளிச்செனத் தெரியும். பாலிலிருந்து ஓர் அம்பும் வதிவிடத்திலிருந்து ஓர் அம்பும் துறையிற் சந்திக்கின்றன. துறை ஒரு கூடல். அதனைக் கட்டுப்படுத்தினால் பாலுக்கும் வதிவிடத்துக்கும் இடையே செயற்கையான தொடர்பு திறந்து, அது அனுமதி வரை பாயும். ஆகவே நேரடி அம்பை அளப்பதற்குத் துறையோடு வதிவிடத்தையும் கட்டுப்படுத்தல் வேண்டும். குறுஸ்கல் உள்ளுணர்வாற் கண்டதை வரைபு மொழி கற்ற முதலாண்டு மாணவர் இன்று விரலால் வழிதொடர்ந்து கண்டுகொள்ளலாம்.

இம்மொழியின் வரலாறு சமூக விஞ்ஞானத்துக்கு முற்றிலும் அந்நியமானதன்று. அமெரிக்க மரபியலாளர் சியூவல் றைற் கினிப்பன்றிகளின் மயிர்நிறத்தை ஆராயும்போது அம்புகளால் ஆன பாதை வரைபுகளைப் பயன்படுத்தி, 1921இல் இணைபும் காரணமும் பற்றிய தமது கட்டுரையில் அம்முறையை விரித்துரைத்தார். இணைபைத் தவிரக் காரணம் என்று ஒன்றில்லை எனக் கருதிய அக்காலப் புள்ளிவிபரவியலாளரிடம் அது கண்டனத்தையே பெற்றது. பல தசாப்தங்களின் பின் அதனை மீட்டெடுத்தோர் சமூகவியலாளர்களே. பீற்றர் பிளாவ், ஒற்றிஸ் டட்லி டங்கன் ஆகிய இருவரும் 1967இல் வெளியிட்ட அமெரிக்கத் தொழிலமைப்புப் பற்றிய நூல் அதன் உச்சம். 1962இல் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களிடம் பெற்ற தகவல்களை அவர்கள் ஐந்து கணுக்களில் அமைத்தனர்: தந்தையின் கல்வி, தந்தையின் தொழில், மகனின் கல்வி, மகனின் முதற்றொழில், 1962இல் அவனது தொழில்.

அவர்களின் எண்களை நாமே பெருக்கிப் பார்ப்பது பயனுள்ளது. தந்தையின் தொழிலுக்கும் மகனின் தொழிலுக்கும் இடையிலான இணைபுக் குணகம் 0.405. இதில் நேரடி அம்பின் பங்கு 0.115 மாத்திரமே. தந்தையின் தொழில் மகனின் கல்வியைப் பாதித்து (0.279), கல்வி தொழிலைப் பாதிக்கும் (0.394) பாதையின் பங்கு இவற்றின் பெருக்கமாகிய 0.110. முதற்றொழில் வழியாகச் செல்லும் பாதை 0.224ஐ 0.281ஆற் பெருக்க 0.063. கல்வி வழியாக முதற்றொழிலுக்கும் அங்கிருந்து பிற்காலத் தொழிலுக்கும் செல்லும் நீண்ட பாதை 0.279, 0.440, 0.281 ஆகியவற்றின் பெருக்கம், ஏறத்தாழ 0.034. எஞ்சும் 0.083 தந்தையின் கல்வியோடு தந்தையின் தொழில் கொண்ட இணைபினால் வருவது. எல்லாவற்றையுங் கூட்டினால் 0.405 சரியாகக் கிடைக்கின்றது. ஒரே ஓர் இணைபுக் குணகம், குடும்ப அனுகூலம் கைமாறும் தனித்தனி வழிகளாகப் பிரிந்துவிடுகின்றது. வர்க்க மீளுற்பத்தி பற்றிப் பேசுவோர் இப்பிரிப்பை அலட்சியஞ் செய்யலாகாது. சொத்தாகவும் செல்வாக்காகவும் நேரே கையளிக்கப்படுவது சிறிதாகவும், பாடசாலையின் வழியே தகுதி என்னும் வேடம் பூண்டு வருவது பெரிதாகவும் இருக்குமாயின், அது அரசியல் முக்கியத்துவம் வாய்ந்த செய்தி.

அதே வேளையில் இவ்வரைபின் ஓட்டைகளையும் காணவேண்டும். மகனின் 1962ஆம் ஆண்டுத் தொழிலில் மாதிரியுரு விளக்குவது 43 வீத மாறுபாட்டையே. எஞ்சிய 57 வீதம் வெளியிலிருந்து வரும் ஓர் அம்பாகப் பெயரின்றி நிற்கின்றது. தாய் என்றொரு கணு இல்லை. மகள் என்றொரு கணுவும் இல்லை. வரைபொன்றில் வரையப்பட்ட அம்பைவிட வரையப்படாத அம்பே வலிய கூற்று. இவ்விரண்டுக்கும் இடையே எவ்விதப் பொதுக்காரணமும் இல்லை, எவ்வித நேரடிப் பாதிப்பும் இல்லை என்று அது துணிந்து சொல்கின்றது. விமரிசனம் அங்கிருந்தே தொடங்கவேண்டும்.

'பேய்சியம்' என்ற அடைமொழிக்கு இப்போது வருவோம். ஆங்கிலப் போதகர் தோமஸ் பேய்ஸ் 1761இல் மறைந்தபின் அவரது நண்பர் றிச்சட் பிறைஸ் 1763இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வருவது அது. விளைவிலிருந்து காரணத்தை நோக்கி நியாயமாகச் செல்லும் வழியை அது காட்டுகின்றது: ஒரு காரணத்தில் எமக்கிருந்த முன்னைய நம்பிக்கையை, அக்காரணம் இருந்தால் இச்சான்று எவ்வளவு எதிர்பார்க்கத்தக்கது என்பதாற் பெருக்கி, ஏனைய காரணங்களுக்கும் அவ்வாறே செய்து ஒப்பிடுதல். இரண்டு மாறிகளுக்கு இது எளிது. மாறிகள் பெருகினால் கணக்கு வெடித்துப் பெருகும். ஆம், இல்லை என்ற இரு பெறுமானங்கள் கொண்ட எட்டு மாறிகளின் கூட்டுப் பரம்பலை எழுத 255 எண்கள் வேண்டும். 1980களில் யூடியா பேள் கண்ட வழி, வரைபின் சாராமைகளைக் கொண்டு இச்சுமையைக் குறைப்பது. ஒவ்வொரு கணுவுக்கும் அதன் பெற்றோரின் நிலையைப் பொறுத்த நிகழ்தகவுகளை மாத்திரம் எழுதினாற் போதும். அவரது நூல் 1988இல் வெளிவந்தது. அதே ஆண்டில் லோரிற்சன், ஸ்பீகல்ஹோல்ற்றர் ஆகிய இருவரும் மூச்சுத்திணறலோடு வரும் ஒரு நோயாளியை உதாரணமாகக் கொண்டு எட்டுக் கணு வலைப்பின்னல் ஒன்றை வெளியிட்டனர். புகைத்தல், காசநோய், நுரையீரற் புற்றுநோய், சுவாசக்குழாய் அழற்சி, எக்ஸ் கதிர்ப் படம் முதலியன அதன் கணுக்கள். அதற்கு 255 எண்கள் வேண்டியதில்லை, 18 போதும். (அவ்வலைப்பின்னலின் முதற் கணு 'ஆசியாவுக்குச் சென்றவரா?' என்பது. காசநோய் அபாயத்தின் குறிகாட்டியாக எமது கண்டம் அங்கு இடம்பெறுகின்றது. இன்றும் அது 'ஆசியா வலைப்பின்னல்' என்றே பெயர்பெற்றுள்ளது. மாறிகளுக்குப் பெயரிடுவோர் எங்கிருந்து உலகைப் பார்க்கின்றனர் என்பதையும் வரைபு காட்டிவிடுகின்றது.)

சாராமையைப் பிழையாகக் கருதுவதால் விளையும் கேடு ஏட்டளவில் நிற்பதன்று. இங்கிலாந்திற் சலி கிளாக் என்னும் சட்டத்தரணியின் இரு ஆண் குழந்தைகள் 1996இலும் 1998இலும் திடீரென இறந்தன. கொலைக் குற்றஞ்சாட்டப்பட்ட தாய் 1999இல் குற்றவாளியாகக் காணப்பட்டார். சாட்சியமளித்த குழந்தை வைத்திய நிபுணர், அத்தகைய வசதியுள்ள குடும்பத்திற் காரணந் தெரியாத திடீர்ச் சிசுமரணம் 8,543இல் ஒன்று என்ற மதிப்பீட்டைத் தன்னாற்றானே பெருக்கி, இரு மரணங்கள் நிகழும் வாய்ப்பு ஏழு கோடியே முப்பது இலட்சத்தில் ஒன்று எனக் கூறினார். இரண்டு பிழைகள் இங்கு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. குடும்பம் என்னும் ஒரே பெற்றோர்க் கணுவிலிருந்து இரு மரணங்களுக்கும் அம்புகள் செல்கின்றன. ஒரே மரபணு, ஒரே வீடு. கவரின் இரு கிளைகளை தொடர்பற்றவையென எண்ணிப் பெருக்கியது முதற் பிழை. குற்றமற்றவராயின் இச்சான்று எவ்வளவு அரிது என்பதை, இச்சான்று இருக்கையில் அவர் குற்றமற்றவராயிருப்பது எவ்வளவு அரிது என்பதாகத் திரித்துக்கொண்டது இரண்டாவது. ஒரு தாய் தன் இரு குழந்தைகளையும் கொல்வதும் மிக அரிதே. ஒப்பிட வேண்டியவை இவ்விரு அரிய நிகழ்ச்சிகளையே. இலண்டனிலுள்ள அரச புள்ளிவிபரவியற் கழகம் 2001இல் பகிரங்கமாக இக்கணக்கைக் கண்டித்தது. 2003இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. முதற் காரணம் வெளிப்படுத்தப்படாதிருந்த ஒரு நுண்ணுயிரியற் பரிசோதனை முடிவு. புள்ளிவிபரமும் நீதிபதிகளின் கண்டனத்துக்கு உள்ளாகியது. மூன்றாண்டுக்கு மேற் சிறையில் இருந்த அப்பெண் 2007இல் காலமானார்.

தரவிலிருந்தே வரைபைக் கணனி கண்டுபிடித்துத் தந்துவிடாதா என்று வாசகர் கேட்கலாம். அத்தகைய நிரல்கள் 1990களிலிருந்தே உள்ளன. இன்று எவரும் பணமின்றிப் பெறலாம். ஆனால் ஓர் எல்லை உண்டு. சங்கிலியும் கவரும் தரவில் ஒரே தடயத்தையே விட்டுச் செல்கின்றன. இரண்டிலும் நடுக்கணு பாதையை அடைக்கின்றது. கூடல் மாத்திரமே வேறு தடயம் விடும். ஆகவே எத்துணை பெரிய தரவுத்தொகுதியும் பல அம்புகளின் திசையைச் சொல்லாது வாளாவிருக்கும். பேர்க்லியைச் சேர்ந்த டேவிட் பிறீட்மன் இத்தகைய தானியங்கிக் கண்டுபிடிப்புகளைக் கடுமையாக எதிர்த்தார். சமூகத்தை அறிய அட்டவணைகளிலிருந்து அம்புகளைப் பிழிவதைவிடக் களத்தில் நடந்து சான்று தேடுவதே மேல் என்பது அவரது நிலைப்பாடு. எமது சார்பும் அப்பக்கமே. வரலாறு, களஆய்வு, வாய்மொழிச் சான்று ஆகியவற்றை அறிந்தவரே எந்த அம்பை எங்கு வைப்பது என்று சொல்லத் தகுதியுடையவர். இக்கருவி அவரது தொழிலைப் பறிப்பதில்லை. அவர் கருதுவதை மறைக்க இடமின்றிச் செய்கின்றது.

முற்போக்கு வாசகரிடமிருந்து இன்னும் கனதியான ஓர் ஆட்சேபத்தை எதிர்பார்க்கின்றோம். அம்புகள் திரும்பிவரக் கூடாதென்ற விதி இயக்கவியற் பார்வைக்கு முரணானதன்றோ? பொருளாதார அடித்தளமே எல்லாவற்றையும் ஒரு திசையில் ஆக்குகின்றது என்று தம்மைப் புரிந்துகொண்டோரை ஏங்கல்ஸ் 1890இல் ஜோசப் புளொக்குக்கு எழுதிய கடிதத்திற் கண்டித்தார். மேற்கட்டுமானமும் திருப்பித் தாக்குகின்றது. பரஸ்பரத் தாக்கமே சமூகத்தின் இயல்பு. இதற்கு வலைப்பின்னலார் தரும் விடை, காலத்தைப் பிரித்தெழுதுவது. இவ்வாண்டின் உற்பத்தியுறவு அடுத்த ஆண்டின் சட்டத்தைப் பாதிக்கின்றது. அச்சட்டம் அதற்கடுத்த ஆண்டின் உற்பத்தியுறவைப் பாதிக்கின்றது. ஒவ்வோர் ஆண்டுக்கும் தனிக் கணு வைத்தால் வட்டம் ஒரு சுருளாக நீண்டு, விதி மீறப்படாது நிற்கும். இவ்விடை தருக்கரீதியிற் சரியானதே. எமக்கு முழுத் திருப்தி இல்லை. கணுக்கள் எவை என்பதே வரலாற்றின் ஓட்டத்தில் மாறிவிடும் தருணங்கள் உண்டு. நிலமற்ற விவசாயி ஆலைத் தொழிலாளியாகும்போது 'தொழில்' என்ற கணுவின் பெறுமானம் மாத்திரம் மாறுவதில்லை. தொழில் என்பதன் பொருளே மாறுகின்றது. அத்தகைய மாற்றத்தை முன்கூட்டியே பட்டியலிட்ட மாறிகளால் எழுதமுடியாது.

இன்னொரு சிக்கல் பால், இனம், சாதி போன்றவற்றைக் காரணக் கணுக்களாக வைப்பது. மாற்றிப் பார்க்க இயலாத ஒரு பண்பைக் காரணம் எனல் தகாது என்று போல் ஹொலன்ட் 1986இல் வாதித்தார். சாதியைப் பரிசோதனைச்சாலையில் மாற்ற இயலாது என்பது மெய்யே. ஆயினும் ஒருவரின் சாதியை விண்ணப்பப் படிவத்தைப் பார்ப்பவர் எவ்வாறு உணர்கின்றார் என்பதை மாற்றலாம். படிவத்திலிருந்து பெயரை நீக்கினால் அது மாறிவிடும். அப்போது கணுவின் பெயர் 'சாதி' அன்று, 'தெரிவாளர் ஊகிக்கும் சாதி'. இவ்வாறு பெயரைத் திருத்தும்போது, காரணம் விண்ணப்பதாரரின் உடலிலோ பிறப்பிலோ இல்லை, மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவரிடம் உள்ளது என்பதும் தாளில் எழுதப்பட்டுவிடுகின்றது.

தொடங்க விரும்புவோருக்குக் கணனி உடனடியாக வேண்டியதில்லை. கையிலுள்ள ஆய்வேட்டின் பிற்செலவு அட்டவணையொன்றை எடுத்து, அதிலுள்ள மாறிகளை ஒரு தாளிற் சிதறி எழுதி, ஆசிரியரின் கோட்பாட்டு இயல் சொல்லும் அம்புகளை வரைந்து பார்க்கலாம். கட்டுப்படுத்தப்பட்ட மாறிகளுள் எவை கவரின் அடி, எவை சங்கிலியின் நடு, எவை கூடல் என்று பிரிக்கலாம். நாம் முதுகலை மாணவர் குழுவொன்றோடு இதைச் செய்து பார்த்தபோது, ஒரே ஆய்வேட்டுக்கு ஆறு பேர் ஆறு வேறு வரைபுகளைக் கொண்டுவந்தனர். அன்று மாலை முழுவதும் நடந்த விவாதம் எண்களைப் பற்றியதாக இருக்கவில்லை.